காற்றுச் சத்தத்தில் சொன்னது

தம்பி பிழைத்து எழுந்தால் மொட்டை போடுகிறேன் என்று பத்மா திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டபோது, தீனதயாளன் டெங்கு காய்ச்சலில் சென்னை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். பிழைத்து எழுந்தவனுக்கு வேலை, புது வீடு, புதுக் கார் என்று ஒவ்வொன்றாக வந்து, அக்காவை மலைக்குக் கூட்டிப்போக மட்டும் நேரம் வாய்க்கவில்லை. அவன் பக்கத்தில் இல்லாமல் முடி கொடுக்க அவளுக்கும் மனசில்லை. கடைசியில், புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அனிதாவோடு ஆர்.கே.பேட்டைக்கு வந்து, அவளை ஏற்றிக்கொண்டு போனான்.

மேலே போனதும் அனிதா, பூமுடி கொடுத்தால் போதாதா அண்ணி என்று கேட்டுப் பார்த்தாள். மொட்டை என்று சொல்லிவிட்டு மூன்று கத்தரிப்பு கொடுத்தால் சாமியை ஏமாற்றுகிற மாதிரி என்று பத்மா சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். குளித்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு அவள் வந்தபோது தீனதயாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்பு வரை தொங்கின பின்னல் போய்விட்டது. காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. வேறு யாரோ போல இருந்தாள். தரிசன வரிசையில் அவன் அவளை ஒட்டி நிற்காமல் நாலு பேர் முன்னால் போய் நின்றான்.

திரும்பும்போது பத்மா அனிதாவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மலை இறங்கி ஊரைத் தாண்டியதும் தீனதயாளன் பொத்தானை அமுக்கி, காரின் கூரையில் இருந்த சன்ரூஃபைத் திறந்தான். காற்று கொட்டியது. "ஜில்லுனு இருக்குதுடா," என்று அவள் தலையைத் தடவிக்கொண்டாள். வேகம் கூடியதும் காற்று உள்ளே சிக்கிக்கொண்டு காதுக்குள் தப்தப்பென்று அடித்தது. பின் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் அந்த அடி நின்றுவிடும். கார் வாங்கின அன்றைக்கே அனிதாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். இப்போது அவள் இறக்கச் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றான்.

அவனுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. விசைத்தறியில் வேலை செய்து செய்து அக்காவுக்கு ஏற்கெனவே காது மந்தம். இந்தக் காற்றில் எதுவும் எட்டாது என்று நினைத்தான். அனிதா பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசத்துக்கு அக்கா இந்தத் தலையோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்? ஆபீஸ்காரங்க எல்லாம் வராங்க. முடி வளந்தப்புறம் ஒரு நாள் வரச் சொல்லிடலாம்."

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று அனிதா கண்ணாலேயே பின்னால் காட்டினாள்.

"அதுக்குக் கேக்காது," என்றான்.

கே.ஜி.கண்டிகை வந்ததும் பத்மா அனிதாவின் தோளைத் தொட்டு, டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள். அவன் சன்ரூஃபை மூடி ஓரம் கட்டினான். மூன்று பேரும் டீ குடித்தார்கள். கிளாஸை வைத்துவிட்டு, இங்கிருந்து பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், நீங்கள் இப்படியே சென்னைக்குத் திரும்பினால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம் என்றாள் பத்மா. வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தான்.

"வேணாம் தீனா. வெள்ளிக்கிழமையும் என்னை எதிர்பாக்காத. முடி வளரட்டும்."

உனக்கு யார் அப்படிச் சொன்னது என்று எதையோ உளறினான்.

"கொட்டாயில நாம எப்பிடிடா பேசிக்கினு இருந்தோம்? காதாலயா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கினு வந்தியே, வாய் நல்லா தெரிஞ்சுது."

தறி ஓடுகிற கொட்டகையில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சின்ன வயசில் அவனும் பசிக்கிறது என்பதை அப்படித்தான் அவளிடம் சொல்லியிருக்கிறான். சென்னைக்குப் போன இத்தனை வருஷத்தில் அதை மறந்தே போயிருந்தான்.

"நான் அந்த மாதிரி நெனச்சிச் சொல்லலக்கா," என்றான்.

"ஆங்," என்றாள் அவள்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மலை மேல் அத்தனை கூட்டத்திலும் திறந்த தலையோடு நிம்மதியாக நடந்தவள் அவள். தீனதயாளன் காருக்குள் வந்து உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் தொடவில்லை. அனிதா திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அக்கா புருஷன் வரதராஜனுக்குப் போன் செய்தான். என்ன பாவா, அக்கா எதாவது சொல்லிச்சா என்று தயங்கிக் கேட்டான். தரிசனம் நன்றாகக் கிடைத்தது, தம்பி டீ வாங்கிக் கொடுத்தான் என்று சொன்னாள், ஏன் கேட்கிறாய் என்றார் அவர். சும்மாதான் என்று போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் வரதராஜனோடு பத்மா வந்து நின்றாள். கூடப்பிறந்தவள் எங்கே என்று நாலு பேர் கேட்டால் நீ என்ன சொல்லுவாய் என்று அவனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்விட்டாள். முந்தானை தலையை விட்டு இறங்கவே இல்லை. ஆபீஸ்காரர்கள் வந்து போட்டோவுக்கு நின்றபோது அவன் உள்ளே போய்க் கூப்பிட்டான். கையெல்லாம் மாவு, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவன் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தான். வருகிற வழியில் முந்தானை நழுவியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"எங்க அக்கா," என்றான். "நான் பொழைக்கணும்னு வேண்டிக்கினு மொட்டை போட்டிருக்காங்க."

கூடமே உருகிப்போனது. அவனுடைய மேனேஜர் முன்னால் வந்து, இப்படி ஒரு அக்கா கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பாராட்டும் தனக்கே வந்து சேர்ந்ததில் தீனதயாளனுக்கு முகம் எரிந்தது. செய்ததைச் சரிசெய்வதாக நினைத்து, அவள் தலையை இன்னொரு விதமாகத் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது போல இருந்தது. போட்டோக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். அவனால் முடியவில்லை.

பத்மா எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்தாள். பிறகு அவன் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள்.