வஞ்சிரத்தில் கற்பூரம்

எங்கள் மேனேஜர் அப்பாவுவுக்கு மீனைப் பற்றியும் தெரியாது, மெஷினைப் பற்றியும் தெரியாது. முதலாளியின் மச்சானாக இருக்க மட்டும் நன்றாகத் தெரியும். காசிமேட்டில் மீன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் ராயபுரம் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு முழுக்க அவர் கையில். அவருக்குக் கீழே கெமிஸ்டாக எழில்மொழி என்கிற நான்.

மெஷின் என்றால் கேஸ் குரோமட்டோகிராஃப். ஒரு துண்டு மீனைச் சின்ன பாட்டிலில் போட்டு இறுக மூடிச் சூடாக்க வேண்டும். மேலே எழும்பும் காற்றை ஊசியால் உறிஞ்சி மெஷினுக்குள் விட்டால், ஒவ்வொரு வாடையும் தனித்தனி நேரத்தில் வெளியே வந்து தாளில் ஒரு கூம்பு வரையும். கெட்ட மீனின் நாற்றமான ட்ரைமீத்தைலமின் முதலிலேயே வந்துவிடும். கூம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு நாற்றம். இதை எத்தனையோ முறை அவருக்கு விளக்கியிருக்கிறேன். "கோடு சின்னதா இருந்தா நல்ல மீனு, அவ்ளோதானே?" என்பார். அவ்வளவுதான் அந்த மண்டையில் ஏறியது.

2001 ஆயுத பூஜை அன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, ஹைட்ரஜன் சிலிண்டர் பக்கத்திலேயே கற்பூரத் தட்டைச் சுற்றினார். "சார், வெடிச்சிடும்" என்று கத்தினேன். "சாமி காரியத்துல அபசகுனமாப் பேசாதம்மா" என்றார். அன்றைக்கு ஓட்டிய வஞ்சிரம் படு ஃப்ரெஷ். நாற்றத்தின் கூம்பு கடுகளவுதான். ஆனால் தாளின் கடைசியில் கோபுரம் மாதிரி ஒரு புதுக் கூம்பு நின்றது. பாட்டிலை மூடுவதற்குள் கற்பூரப் புகை உள்ளே போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரோ, "பூஜை போட்டதும் கோடு எவ்ளோ சின்னதாச்சு பார்த்தியா!" என்று தாளைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் மறுநாள் திரும்ப ஓட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு லோடு வஞ்சிரம் வந்தது. கூம்பு தாளின் உச்சியைத் தொட்டது. "இதை அனுப்பாதீங்க சார்" என்று கிராஃபோடு போய் நின்றேன். அவர் அதை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டு, "உனக்காகக் கப்பல் நிக்குமா?" என்றார். லோடு போனது. நாறுகிறது என்று திரும்பியும் வந்தது.

எங்களிடம் மீன் வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் லூர்து என்பவர் விசாரிக்க வந்தார். பழி போட அப்பாவு ஆள் தயாராக வைத்திருந்தார். குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் தப்ரேஸ்தான் அந்த ஆள்.

"லேப்ல டெஸ்ட் பண்ணும்போது நல்லாத்தான் இருந்துச்சு சார். இவன் ரூம்ல வச்சுக் கெடுத்துட்டான். இன்னியோட இவன் சீட்டைக் கிழிச்சுடறோம்" என்று ஒரு கிராஃபை நீட்டினார்.

"அல்லா மேல சத்தியமா ரூமு ஒரு டிகிரிகூட ஏறல சார். வூட்ல சம்சாரம் மாசமா கீது. இந்த வேல போச்சுன்னா பேஜாராயிடும் சார்." தப்ரேஸ் கெஞ்சினான்.

லேபுக்கு வரும்போதே மீன் கெட்டிருந்தது என்று நான் சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்று அப்பாவு சிரித்தார். டிராயரில் போட்ட என் கிராஃப் எந்த அடுப்புக்குப் போனதோ.

லூர்து தாளை மேஜையில் விரித்தார். கடைசியில் கோபுரம் அப்படியே நின்றது. கண்ணில் ஒற்றிய அதே தாள்! தேதியில் ஒயிட்னர் பூசி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறது, மகா மூளை.

"இந்தக் கடைசிக் கூம்பு என்னன்னு மேனேஜரைக் கேளுங்க சார்" என்றேன்.

அப்பாவு திருதிருவென்று விழித்தார். "அது... மீனோட கொழுப்பு."

"கற்பூரம் சார். இப்பவே ஓட்டிக் காட்டறேன்." வெறும் பாட்டிலில் ஒரு துளி கற்பூரத்தைப் போட்டு ஓட்டினேன். கூம்பு அதே இடத்தில் எழுந்தது.

"வஞ்சிரத்துல எப்படிங்க கற்பூரம்?" என்றார் லூர்து.

அப்போதும் அப்பாவு அடங்கவில்லை. "எல்லாம் இவன் வேலைதான் சார்! குளிர் ரூம்ல கற்பூரம் கொளுத்தியிருப்பான்."

தப்ரேஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார் நீ? நான் அஞ்சு வேள தொழுவறவன். கற்பூரம் சுத்துனது நீ. ஆயுத பூஜ அன்னிக்கு, இதே மெஷினுக்கு. நீ குடுத்த பொரியத் துன்னுகினே நான் பாத்துகினு இருந்தேன்."

லூர்து அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

தப்ரேஸின் வேலை தப்பியது. மச்சானின் வேலையும்தான், கேட்கவா வேண்டும்? மறுநாள் லேப் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இனிமேல் இங்கே யாரும் கற்பூரம் ஏற்றக் கூடாதாம். கெட்ட மீனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கீழே அப்பாவு கையெழுத்துப் போட்டிருந்தார்.