மாதாவுக்கு முன்னால் இருந்த கோது

1984இல் ஒரு காலை, யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் ஒழுங்கையின் இரு முனைகளையும் அடைத்து இராணுவம் சுற்றி வளைத்தது. எங்கள் வீட்டுக்குள் போன சிப்பாய், மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த பித்தளைக் கோதைத் தூக்கிக்கொண்டு வந்தான். பீரங்கிக் குண்டின் வெற்றுக் கோது. அதைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில்தான் மெழுகுதிரி ஏற்றுவோம். முதலாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அப்பப்பா திருகோணமலையிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்வார்கள்.

ஒழுங்கைப் பெடியளை விசாரித்துப் போகவிட்டார்கள். என் தமையன் லியோன் அண்ணையை மட்டும் ட்ரக்குக்குப் பக்கத்தில் முழங்காலில் இருத்தினார்கள். இது புதுப் பித்தளை, எந்த முகாமிலிருந்து எடுத்தது என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பழசு என்றார் அண்ணை. பழசு இப்படி மின்னாது என்றார் அதிகாரி.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான்தான் பழப்புளி போட்டு மினுக்கிறனான்" என்றார் அம்மா. அதிகாரிக்குத் தமிழ் விளங்கவில்லை.

வீட்டுக்கு யாராவது வந்தாலே நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிடுவேன். அன்றும் குசினி வாசலில்தான் நின்றேன். கோதின் அடியில் செய்த ஆண்டைப் பொறித்திருப்பார்கள் என்று பல்கலைக்கழக நூலகத்தில் வாசித்திருந்தேன். ஆனால் எங்கள் கோதில் அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் அங்கே மெழுகுதான். அப்பப்பாவின் கதை பிழையென்றால் அண்ணை ட்ரக்கில் ஏறவேண்டியதுதான்.

சுடுதண்ணீர்க் கேத்திலோடு வெளியே போனேன். அடியில் ஆண்டு இருக்கும், மெழுகை எடுக்க விடுங்கள் என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாம் தடவைதான் அவருக்குக் கேட்டது.

தண்ணீரை ஊற்றி, கரண்டிக் காம்பால் சுரண்டினேன். முதலில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. பிறகு 18 என்ற இலக்கம், நடுவில் சுடும்போது ஊசி குத்திய பள்ளம். ஆண்டைக் காணவில்லை. விளிம்போரம் மெழுகு தடிப்பு. கேத்திலில் மிச்சமிருந்ததை அங்கே ஊற்றினேன்.

அதிகாரி குனிந்து தானே வாசித்தார். பிரித்தானிய அம்பு, பதினெட்டு இறாத்தல் பீரங்கி, 1917. அந்தப் பீரங்கியைத் தான் படத்தில்தான் கண்டதாகச் சொன்னார். கோதை என்னிடம் தந்து, அண்ணையை எழும்பச் சொன்னார்.

ட்ரக் போனபிறகு அண்ணை முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"எணை அம்மா, இனியாவது கொஞ்சம் ஊத்தையா விடணை."

"மாதாவுக்கு முன்னாலை ஊத்தையாயோ?"

சனிக்கிழமை அம்மா வழமைபோல் மினுக்கினார். மெழுகுதிரியை மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் ஏற்றினார். கோது இப்போது முன்கதவடியில் கிடக்கிறது, ஆண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி.