ஜெனிவாக்காரர்களுக்கு ஒரு ஜெபம்

சாம்சுந்தர் அம்மாவிடம் சொன்னது ஒரே ஒரு பொய்தான். ஆனால் ஜெயபாயிடம் ஒரு பொய்யைச் சொன்னால் போதும், அதற்குக் கைகால் முளைத்து, பவுடர் பூசிக்கொண்டு ஊரையே சுற்றி வந்துவிடும்.

"வேலைக்கு இண்டர்வியூம்மா. சாயங்காலம், போன்லயே கேப்பாங்க" என்றான். மத்தியானத்துக்குள் அவள் சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஒரு டை வாங்கியாயிற்று. ஜாய்ஸ் அக்காவையும் அவளுடைய ஜெபக்குழுப் பெண்களையும் கூட்டிவந்து முன்னறையில் பாய் விரித்து உட்கார வைத்தாயிற்று.

உண்மை வேறு. வளைகுடாவில் ஓட்டல் வேலையில் இருந்தபோது அவனும் கடையநல்லூர் சிஹாபுதீனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அந்த நாட்டுச் சட்டத்துக்கு அது குற்றம். இருவரையும் பிடித்து அடைத்து, அடித்து, விமானம் ஏற்றிவிட்டார்கள். ஓட்டலையே மூடிவிட்டார்கள் என்று ஊரில் சொல்லிச் சமாளித்தான். இப்போது ஜெனிவாவில் ஐ.நா. குழு ஒன்று அந்த நாட்டைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கப்போகிறது. அதற்குமுன் அடிபட்டவன் வாயாலேயே கேட்கவேண்டுமாம். பெயரும் முகமும் வெளியே வராது என்று சொல்லியிருந்தார்கள். அவனுக்கு ஜெனிவாவிடம் பயமில்லை, முன்னறையிடம்தான் பயம். அம்மாவுக்குத் தெரிந்தால் அத்தோடு போச்சு. அதனால் எல்லாவற்றையும் இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தேங்க்யூவோடு சரி.

அம்மா கட்டிவிட்ட டையோடு அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஹெட்போனை மாட்டினான். "ஆண்டவரே, மேனேஜர் மனசை இளக்கும்!" என்று முன்னறையில் ஜாய்ஸ் அக்கா ஆரம்பித்திருந்தாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு திரையில் இருந்த அம்மாள், காவலில் என்ன செய்தார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. ஓட்டலில் கற்ற இங்கிலீஷில் சாப்பாட்டுக்கு வார்த்தை இருந்தது, மன்னிப்புக்கு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

"தம்பி, தமிழ்லயே சொல்லுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்" என்றது ஒரு குரல். பாவிகள், அவ்வளவு நல்லவர்கள்!

தமிழில் ஆரம்பித்ததும் அவனால் நிறுத்த முடியவில்லை. ஹெட்போன் போட்டவனுக்குத் தன் சத்தம் எங்கே தெரியும்? "சிஹாபுவ விரும்புதேன்னு சொன்னேன், அதுக்குத்தான் அடிச்சாங்க. அவன் கண்ணு முன்னாலயே அடிச்சாங்க" என்று தொண்டை கிழியச் சொன்னான். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஹெட்போனைக் கழற்றியபோதுதான் ஜெபம் நின்றுபோயிருப்பது உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு ஜெயபாய் நின்றாள்.

"வாரா வாரம் அல்வாவோட வாரானே, அந்தச் சிஹாபா?"

"ஆமாம்மா."

"அவனையுமா அடிச்சாங்க?"

"ஆமா."

ஜெயபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்கிட்ட ஏம்லே சொல்லல?" என்றாள். அவள் கிட்டே வந்து, அவன் டையைத் தளர்த்திவிட்டாள்.

"அந்த அம்மா இன்னும் இருக்காளா? இருந்தா மிச்சத்தையும் சொல்லு. ஒண்ணு விடாத."

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள். அவள் குரல் மட்டும் கேட்டது.

"ஏட்டி ஜாய்ஸ், ஏன் நிறுத்திட்ட? எம்பிள்ள இன்னும் பேசி முடிக்கல."

"என்னன்னுக்கா ஜெபம் பண்ண?"

"மேனேஜர விடு. அந்த நாட்டுக்காரன் மனச இளக்கச் சொல்லு. சிஹாபு பேரையும் சேத்துக்கோ."

சாம்சுந்தர் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அப்புறம் ஜாய்ஸ் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"ஆண்டவரே, இந்த ரெண்டு பிள்ளைகளையும்..."