மூன்றாம் மாடியில் பட்டு ஏன் குறைந்தது

தி.நகரில் இசக்கிமுத்துவின் ஜவுளிக்கடைக்கு நாலு மாடி. மூன்றாம் மாடி முழுக்கப் பட்டு. முப்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள் அந்த மாடிக்கு வருவது வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது. ஏன் என்று கண்டுபிடிக்கப் பெருங்குடியில் ஒரு புள்ளிவிவரக் கம்பெனியைப் பிடித்தார்கள். கம்பெனி அந்த வேலையை மதுமதியிடம் கொடுத்தது.

கடைக்கு வாங்க வருகிற எல்லாருக்கும் உறுப்பினர் அட்டை உண்டு. பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதற்காகப் பிறந்த தேதியும் வாங்கி வைத்திருந்தார்கள். யார், எந்த வயதில், எந்த வருஷம் பட்டு வாங்கினார்கள் என்று பதினைந்து வருஷத்து விவரம் இருந்தது. மதுமதி மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு கம்பெனி முதலாளி ஸ்ரீஹரியிடம் போய் நின்றாள்.

"சார், இதுல மூணு காரணம் கலந்து கிடக்கு. வயசு, காலம், தலைமுறை. சின்ன வயசுங்கறதால வாங்கலைன்னா, வயசானா வாங்குவாங்க. காலம் சரியில்லைன்னா, கொஞ்ச நாள்ல சரியாகும். அந்தத் தலைமுறையே அப்படித்தான்னா, கடைசி வரைக்கும் வாங்க மாட்டாங்க. எதுன்னு இந்த டேட்டாவை வச்சுப் பிரிக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"காலம்னா வாங்கின வருஷம், தலைமுறைன்னா பிறந்த வருஷம். முன்னதுலேர்ந்து பின்னதைக் கழிச்சா வயசு. ரெண்டைச் சொன்னா மூணாவது தானா வந்துடுது. மூணும் தனித்தனியே இல்லை சார்."

ஸ்ரீஹரி பொறுமையாகத்தான் கேட்டார். "மதுமதி, கிளையண்ட்டுக்குப் பதில் வேணும். ஏதாவது ஒண்ணால பாதிப்பே இல்லை, ஜீரோன்னு வச்சுக்கோ. பதில் வந்துடும்ல?"

"வரும் சார். ஆனா எதை ஜீரோன்னு வைக்கிறோமோ அதைப் பொறுத்துதான் வரும்."

"வருதுல்ல? அது போதும்."

எதை ஜீரோ ஆக்குவது என்பதை ஸ்ரீஹரி வாடிக்கையாளரின் விருப்பத்துக்கே விட்டார். பட்டு மாடி இசக்கிமுத்துவின் மகன் பாலகணேஷின் பொறுப்பு. அவனிடம் போன அறிக்கையில் தலைமுறை ஜீரோ. ஆகவே குற்றம் வயதின் மேலும் காலத்தின் மேலும். இன்று வாங்காத பெண்கள் நாற்பது வயதில் தானாக வருவார்கள், மாடியைத் தொடவேண்டாம். ரெடிமேட் மாடி மகள் ஷண்முகப்ரியாவுடையது. இடம் போதவில்லை என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் போன அறிக்கையில் காலம் ஜீரோ. ஆகவே தொண்ணூற்றைந்துக்குப் பின் பிறந்தவர்கள் பட்டு கட்டாத ஜாதி. பட்டு மாடியைப் பாதியாக்கி ரெடிமேடுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

அண்ணனும் தங்கையும் அப்பாவின் அறையில் ஆளுக்கொரு அறிக்கையோடு உட்கார்ந்தார்கள். இசக்கிமுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல தொண்ணூத்தாறு சதவீதம் பொருந்துதுன்னு போட்டிருக்கு. அதுலயும் தொண்ணூத்தாறுதான். ஒண்ணு ராத்திரிங்கு, ஒண்ணு பகலுங்கு. எப்படிய்யா ரெண்டும் சரியா இருக்கும்?"

ஸ்ரீஹரி, "ரெண்டு ஆங்கிள் சார்" என்றார்.

இசக்கிமுத்து ஓரத்தில் இருந்த மதுமதியைப் பார்த்தார். "நீங்கதானே கணக்குப் போட்டது? நீங்க சொல்லுங்கம்மா."

வேண்டாம் என்பதுபோல் ஸ்ரீஹரி தலையை மெல்ல ஆட்டியதை மதுமதி பார்த்தாள்.

"தெரியாது சார். இந்த அட்டை விவரத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. வெளியிலேர்ந்து வேற ஏதாவது தெரிஞ்சாத்தான் உண்டு."

"வெளியன்னா?"

"பட்டு மாடியில நின்னு பார்க்கணும்."

மறுநாளே மூன்றாம் மாடியில் நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே புடவை பிரித்துக் காட்டும் ரத்னா, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா, இதுக்கா மூணு வாரம்? சின்னப் பொண்ணுங்கோ வராமலா கீதுங்கோ? கீழ ரெண்டாவது மாடில போய்ப் பாரு. பிளவுஸ் துணி எடுத்துக்கினு நிக்குதுங்கோ. கையில பை இருக்கும். பையில அவங்கம்மா பொடவை."

"அம்மா புடவையா?"

"ஆமா, நம்ம கடைப் பொடவைதான். தொண்ணூத்தெட்டுல எடுத்தது. ஜரிகை இன்னும் அப்படியே கீது. அது பீரோல கிடக்குதே, அந்தப் பொண்ணு இன்னொண்ணு எதுக்கு எடுக்கப் போவுது?"

மதுமதி இரண்டு வாரம் பிளவுஸ் துணிப் பகுதியில் நின்று, வந்த இளம்பெண்கள் ஒவ்வொருவரையும் கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று நாற்பத்தொரு பேர் பையில் அம்மாவின் பட்டு. ஒருத்தி அத்தையுடையதையும் சேர்த்து மூன்று கொண்டு வந்திருந்தாள்.

ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதினாள். ஸ்ரீஹரி அதை முன்னும் பின்னும் திருப்பினார். "இதுல கணக்கு மாடல் எங்கே?"

"இல்லை சார். கேட்டேன், சொன்னாங்க."

"கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு நாம எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். மதுமதி அந்தப் பக்கத்தை நேரே தி.நகருக்கு எடுத்துப் போனாள்.

இசக்கிமுத்து படித்தார். முதலில் முகத்தில் பெருமை வந்தது. பிறகு அது மெல்ல இறங்கியது.

"அப்போ, நான் நல்ல பட்டு வித்ததுதான் தப்பாப் போச்சா?"

பாலகணேஷ் யோசித்து ஒரு வழி சொன்னான். "அப்பா, இனிமே நெசவாளிகிட்ட கொஞ்சம் லேசா நெய்யச் சொன்னா என்ன? பத்து வருஷம் தாங்கினாப் போதும்."

அப்பா பார்த்த பார்வையில் அவன் காபியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

இசக்கிமுத்து பட்டு மாடியில் கால்வாசியை ஒதுக்கினார். பழைய பட்டைப் பாலிஷ் போட, இற்ற ஜரிகையைச் சரிசெய்ய, அளவெடுத்து ரவிக்கை தைக்க. பொறுப்பை ரத்னாவிடம் கொடுத்தார். ஷண்முகப்ரியாவுக்கு ஒரு வாரம் கோபம். பைகளோடு பெண்கள் மேலே ஏறத் தொடங்கினார்கள். ரவிக்கை தைத்து வருவதற்குள் சும்மா இருக்க முடியாமல் ஒன்றிரண்டு பேர் புதுப் பட்டும் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் விற்பனை கொஞ்சம் ஏறியது.

அது தன்னுடைய அறிக்கை சொன்னபடிதான் என்றான் பாலகணேஷ். தன்னுடையதுதான் என்றாள் ஷண்முகப்ரியா. ஸ்ரீஹரி ஒரு கருத்தரங்கில் விற்பனை விவரத்தோடு தொண்ணூற்றேழு சதவீதம் பொருந்துகிற புது வரைபடக் கோடு ஒன்றைக் காட்டிக் கைதட்டு வாங்கினார்.

இசக்கிமுத்து மதுமதியை வரச் சொன்னார். "ஏம்மா ஏறிச்சு?"

"உறுதியாச் சொல்ல முடியாது சார். ரத்னாக்கா காரணமா இருக்கலாம். இந்தத் தடவை முகூர்த்தமும் ஜாஸ்தி."

அவர் வெகுநேரம் சிரித்தார். "சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்துட்டுப் போங்கம்மா. எல்லாம் தெரிஞ்சவங்க வீட்டுலயே இருக்காங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

மதுமதி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். கிளம்பும்போது லிஃப்டில் இடமில்லை. பைகளோடு எட்டுப் பேர் நின்றார்கள். படியிலேயே இறங்கினாள்.