செல்லியம்மாள் வீட்டுக் கோரை

கீழே கண்ணமங்கலத்து வயல்வெளிகள் வெம்மையில் வாடிக் கிடக்க, மேலே சவ்வாது மலையின் முகடுகளில் கோடைமழை பெய்து ஓய்ந்த ஈரம் இன்னும் காயாதிருக்க, புளியமரங்களின் உச்சியில் ஏறுவெயில் அமர்ந்து, கொல்லைச் சரிவுகளில் இறங்கி, பாறைகளின் முதுகைச் சூடேற்றிக்கொண்டிருந்த வைகாசி முற்பகல் அது. பேருந்து விட்ட இடத்திலிருந்து துணிமூட்டையைத் தலையில் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க ஏறிவரும் செல்லியம்மாளை, கற்றறிந்த அன்பரே, சற்று நின்று பாருங்கள். தங்கை மகளின் மணத்துக்கென்று சமவெளிக்கு இறங்கியவள், விருந்துண்ட நாளெல்லாம் தன் தோட்டத்தையே நினைத்திருந்து, இப்போது அதைக் காண விரைகிறாள்.

தோட்டம் என்றதும் மன்னர் உலாவும் பூம்பொழிலை உள்ளத்தில் எழுப்பிவிடாதீர், ஏமாந்து போவீர். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்க மலையேறி வந்த அக்கைம்பெண்ணுக்கு ஊரார் ஒதுக்கித் தந்த வீட்டின் பின்னே, கல்லும் முள்ளும் கலந்த ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். அரிசி கழுவிய நீரை ஊற்றி, அழுகிய தக்காளியைப் பிழிந்து விதையாக்கி, விரிசல் கண்ட பானையில் கீரை தூவி, ஒடிந்த ஏர்க்காலில் அவரையைப் படரவிட்டு, மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக அவள் ஆக்கியது. பாத்திகள் கோணல், வேலியோ வெறும் ஒப்புக்கு, ஆடுகள் அதை மதித்ததே இல்லை.

ஆயினும் ஒரு மூலையை மட்டும் அவள் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். கணவன் சம்பங்கி பயிரிட்ட நிலம் அவன் மறைவுக்குப் பின் கைமாறியபோது, முந்தானையில் முடிந்துகொண்டு வந்த கிழங்குகள் அங்கே நெருங்கி, புல்லைப்போல் தழைத்து நின்றன. மலைக்கு வந்தபின் ஒன்றுகூடப் பூக்கவில்லை. எனினும் அவன் கைபட்டவற்றுள் எஞ்சியவை அவையே என்பதால், கிளறினால் கெட்டுவிடுமோ என்றஞ்சி, களைக்கொட்டைக்கூட அவள் அருகே கொண்டுபோகவில்லை.

வந்து பார்த்தால், அந்த மூலை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

அவ்வூரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் நிலத்தில் களை மண்டி, உரியவர் ஊரில் இல்லையெனில், அண்டை வீட்டுப் பெண்கள் அழையாமலே கூடிச்சென்று களையெடுத்துத் தருவர். அடுத்த வீட்டுப் பெரியம்மாள் நால்வரைத் திரட்டிவந்து அவ்வண்ணமே செய்திருந்தாள். சாமைக்குள் ஒளிந்திருக்கும் புல்லை இனங்கண்டு களைந்தே பழகிய கைகள் அவை, சம்பங்கியைக் கண்டதில்லை. புல் போன்ற இலை, அடியில் கிழங்கு: கோரைக் களையென்று முடிவுகட்டிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, குறைசொல்ல இடமில்லாத வேலை!

மோர் கொண்டுவந்த பெரியம்மாள், செல்லியம்மாள் முகத்தைக் கண்டு துணுக்குற்று, பிடுங்கியது களையல்ல, அவள் கணவன் வளர்த்த சம்பங்கி என்றறிந்ததும் சொம்பைக் கீழே வைத்தாள்.

“கோரைன்னு நெனச்சிட்டோம்க்கா. ஒரு கெழங்கு தங்குனாலும் திரும்ப மொளைக்குமேன்னு ஒண்ணு வுடாம நோண்டிட்டோம்.”

“எங்க போட்டீங்க?”

“பாறை மேல. வெயில்ல காஞ்சி சாவட்டும்னு.”

திட்டித் தீர்க்கத்தான் வாய் துடித்தது. ஆனால் நல்லது செய்ய வந்த கையை எப்படிக் கடிந்துகொள்வது? இருவரும் பாறைக்கு ஓடினர். வேர் கருகி, தோல் சுருங்கி, சருகாய்க் கிடந்தவற்றைப் பொறுக்கி வந்து வீட்டில் போட்டுவைத்து, ஆடியின் முதல் மழையில் நட எடுத்தனர். பழைய மூலையிலேயே வைக்கலாம் என்றாள் செல்லியம்மாள்.

“மூலையில கெடந்ததாலதான் களைன்னு நெனச்சோம். வூட்டு வாசல்ல வச்சிடுக்கா, யாரும் தொடமாட்டாங்க,” என்றாள் பெரியம்மாள்.

வரிசையாவது ஒன்றாவது! கைபோன போக்கில் வாசலெங்கும் நட்டார்கள். அதன்பின் காலைதோறும் பெரியம்மாள் வந்து, குற்றவாளியைப்போல் குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டுப் போவாள். செல்லியம்மாளோ பார்க்கவே அஞ்சி, பின்வழியாய் நடமாடினாள்.

கார்த்திகை மாதத்து மாலையொன்றில், அடுப்படியில் இருந்தவளை வாசலிலிருந்து பெரியம்மாளின் குரல் அழைத்தது.

“யக்கா, ஒன் கோரை பூத்திருக்கு. வந்து பாரு.”

வந்தாள். வாசலெங்கும் வெண்கதிர்கள் நிமிர்ந்து நின்று மணம் பரப்பின. அப்போதுதான் நினைவு வந்தது அவளுக்கு: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழங்கையெல்லாம் தோண்டியெடுத்து, காயவைத்து, பிரித்து நடுவானே கணவன்! அவள் அஞ்சியஞ்சிச் செய்யாமல் விட்டதை அறியாமலே அண்டை வீட்டார் செய்து முடித்திருந்தனர். மூன்றாண்டாய் நெஞ்சில் சுமந்த பாரம் இறங்க, அவள் வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். பெரியம்மாளும் அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

அன்பரே, அவ்வூரில் போய்ச் சம்பங்கி என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. கோரைப்பூ என்று கேளுங்கள். எந்த வீட்டு வாசலிலும் ஒரு கிழங்கைப் பிடுங்கிக் கையில் தருவார்கள்.