நாயின் அப்பன்

பஞ்சாயத்து ஆபீசில் நாய்க்கு லைசென்ஸ் எழுதும்போது, என்ன இனம் என்று கிளார்க் பிந்து கேட்டாள்.

"அம்மை ராஜபாளையம். அப்பன் யாருண்ணு தெரியாது," என்றான் மகேஷ்குமார்.

ஏழு தலைமுறையாக ஜாதகம் பார்த்துப் பெண்ணெடுத்த குடும்பம். அவன் அம்மா உமையம்மாளுக்குச் சுருக்கென்றது. "சைவப் பிள்ளைமாரு வீட்டு நாயிண்ணு எழுது மக்கா. தயிர்ச்சோறு தவிர வேற ஒண்ணும் தொடாது."

பின்னால் தன் நாயோடு நின்ற பக்கத்து வீட்டு சுகிர்தபாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யக்கா, எங்க சபை அசன விருந்துல வருஷாவருஷம் முதல் பந்தி உங்க நாயிக்காக்கும். ஆட்டெறச்சி வரும்வர ஜெபத்துல கண்ணடச்சு இருப்பான்."

மகேஷ்குமாரின் நாய் சுகிர்தபாயைப் பார்த்து வாலாட்டியது. உமையம்மாள் அதன் காதைச் சொறிந்துவிட்டாள்.

"அப்பன் யாருண்ணு இப்பம் தெரிஞ்சாச்சு," என்றாள் பிந்துவிடம். "கிறிஸ்தியானி. எழுதிக்கோ."