மேல் அம்புக்குறி

...எண்டர் தட்டிய விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அழிவது நின்றுவிடுமா என்ன, வைத்திருந்தேன், நிற்கவில்லை, அழிக்கும்போது கணினி சத்தம்கூடப் போடுவதில்லை, வேறு ஏதாவது உண்டா என்பதுபோலத் திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அருணாவின் ஒலிப்பதிவுகள் மொத்தமும் போயின. சாலையில்லாத மலையூர்களுக்கு நடந்தே போய், பிரசவ வலியோடு டோலியில் தூக்கிவரப்பட்ட பெண்களைப் பேசவைத்துக் கொண்டுவந்தவள். நாளை அதைக் கேட்க அதிகாரிகள் ஜமுனாமரத்தூருக்கு வருகிறார்கள், எங்கள் வானொலி நிலையத்துக்கு ஒரே கணினி, அதற்கு ஒரே நிர்வாகி, அந்த மகானுபாவன் நான். அந்தப் பெண்களில் காந்தா மட்டும், இன்னொரு தடவை சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேசினாள், பாதி வழியில் பிறந்து பாதி வழியிலேயே போன பிள்ளையைப் பற்றி... அதைத் தொகுத்த அன்று ஹெட்போனைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், இரைச்சல் இருக்கிறது, சரிபார்க்கிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டு.

கரண்டு போய் வந்ததால் என்று சொல்லிவிடலாமா, இந்த மலையில் எதற்கும் அதைச் சொல்லலாம். அடுத்த மின்வெட்டுக்குள் வேலையை முடிக்கிற அவசரத்தில் எல்லாக் கட்டளைக்கும் முன்னால் சூடோ என்ற சொல்லைப் போட்டே பழகிவிட்டேன், போட்டால் கணினி நம்மை முதலாளி என்று நம்பிவிடும், எதிர்த்துப் பேசாது, வீட்டில் கிடைக்காத மரியாதை. கரண்டு வந்ததும், கட்டளையை மறுபடி அடிக்கச் சோம்பி மேல் அம்புக்குறியைத் தட்டினேன், நேற்றைய கட்டளை வந்து நின்றது, இங்கே இருப்பதையெல்லாம் அழி. நேற்று இங்கே என்பது குப்பைக் கோப்புறை, இன்று பதிவுகள். எங்கே நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அதைத்தானே கத்துகிறேன்? கடவுச்சொல் கேட்டது, அதையாவது தப்பாக அடித்தேனா, இல்லை. வேலூரில் கணினி பழுதுபார்க்கும் தசரதனுக்குப் போன் போட்டால், "எதையும் தொடாதீங்க சார், பாக்கலாம்." திரும்ப வருமா? "பாக்கலாம் சார்." வராதா? "அதான் பாக்கலாம்னு சொல்றேனே சார்"...

சந்தையிலிருந்து டீயோடு அருணா வந்தாள். "இன்னாண்ணா, மூஞ்சே செத்துப் போச்சி?" சொன்னேன், எப்படியோ, தரையைப் பார்த்து. அவள் திட்டவில்லை, பையைத் துழாவி ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தாள். "எல்லாம் இதுல கீது. காந்தாக்கா பேசினதுங்கூட. பதிவு பண்ண அன்னிக்கே ஒரு காப்பி எடுத்துருவேன்." மூச்சு வந்தது, மூச்சோடு சிரிப்பும், புத்திசாலிப் பெண், நான் சொல்லிக்கொடுத்ததுதானே என்று ஒரு நொடி பெருமைகூட... கரண்டுக்குப் பயந்துதானே எடுத்து வைத்தாய், என்று கேட்டேன். டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

"கரண்டு போனா வந்துடும்ணா. உங்களுக்கு பயந்துதான்."